கடைசி ரீலுக்கு முன்னால்

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்க இடுப்பளவு மண்சுவர் ஒன்று இருந்தது. பத்து வயது வரை நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்துதான் படம் பார்த்தேன். அப்பத்தா வீட்டிலிருந்தே சாக்கு ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள். மணலைக் கூட்டி மேடாக்கி, அதன்மேல் சாக்கை விரித்து என்னை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் வெறும் மணலில் கால் நீட்டி உட்காருவாள். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் இன்னும் இரண்டு கை மணல் அள்ளிப் போடுவாள். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் விநாயகர் பாட்டு முடிந்ததும் விளக்கு அணையும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ஒரு படத்துக்கு மூன்று முறையாவது விளக்குப் போடுவார்கள். மூன்று முறையும் முறுக்குத் தட்டு சுற்றி வரும்.

காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அந்தக் கீற்றுக் கொட்டகையில்தான் 1991-ல் ‘ஆடி வெள்ளி’ பார்த்தேன். படம் வெளியானது 1990-ல். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து, பிரிண்டில் மழை பெய்ய ஆரம்பித்த பிறகுதான் பெட்டி எங்கள் ஊருக்கு வரும். சீதாவும் நிழல்கள் ரவியும் நடித்த படம். அவர்களைவிட யானைக்கும் பாம்புக்கும்தான் எங்கள் ஊரில் பேச்சு. இயக்கியவர் இராம. நாராயணன். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, குழாய் வைத்து, துண்டு நோட்டீஸ் வீசிக்கொண்டு போனபோதே அப்பத்தா முடிவு செய்துவிட்டாள். “நம்ம காரைக்குடி ஆளு எடுத்த படம் அப்பு. போகாம இருக்கலாமா?” அவர் 1989 தேர்தலில் காரைக்குடியிலேயே நின்று சட்டமன்றத்துக்குப் போனவர். அதனால் அப்பத்தாவுக்கு அவர் சினிமாக்காரர் என்பதைவிடப் பக்கத்து ஊர்க்காரர்.

அன்று பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. மஞ்சள் சேலைகள், ஈரம் காயாத தலைகள், கையில் வேப்பிலைக் கொத்து. சிலர் முந்தானையில் கற்பூரம் முடிந்து வருவார்கள். கீற்றுக் கொட்டகை ஆயிற்றே, டிக்கெட் கிழிப்பவர் வாசலிலேயே கற்பூரத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, படம் முடிந்து போகும்போது திருப்பிக் கொடுப்பார்.

அம்மன் படங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். நல்லவள் ஒருத்தி இருப்பாள். அவளை ஏய்ப்பார்கள், அடிப்பார்கள், வீட்டை விட்டுத் துரத்துவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். அவள் கோயிலுக்கு ஓடி வந்து அம்மன் காலில் விழுவாள். சரியாக அந்த இடத்தில் எங்கள் கொட்டகையில் கடைசி ரீலுக்காக விளக்குப் போடுவார்கள். மற்ற இடைவேளைகளில் முறுக்கு வாங்க எழுந்து ஓடும் கூட்டம் அப்போது மட்டும் அசையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பீடி பற்ற வைக்கும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் பெண்கள் வெறும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுபடி இருட்டாகி, பாம்பு வந்து, சூலம் பறந்து, தீயவன் விழும்போது முதலில் ஒருத்தி குலவை போடுவாள். அடுத்த கணம் பெண்கள் பக்கம் முழுக்கக் குலவை எழும். அந்தச் சத்தத்தில் என் முதுகுத்தண்டு சிலிர்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்பத்தா குலவை போட மாட்டாள். வலது கையால் மணலை அள்ளி இறுகப் பிடித்திருப்பாள்.

ஏன் அப்படிப் பிடித்தாள் என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா செத்தபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு, கையில் மூன்று பிள்ளைகள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பங்காளி ஒருவர் பத்திரம் ஒன்றில் அவளிடம் கைநாட்டு வாங்கினார். கடனுக்கு ஈடு என்று சொல்லி வாங்கியது, பிரித்துப் படித்தபோது கிரயப் பத்திரமாக இருந்தது. கண்மாய்ப் பாசனத்தில் இருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை போயிற்று. ஊர்ப் பஞ்சாயத்தில் பத்திரத்தின் பேச்சு எடுபட்டது, இவள் பேச்சு எடுபடவில்லை. கோர்ட்டுக்குப் போகக் காசு கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை கொல்லங்குடிக்குப் போய், வெட்டுடையார் காளி சன்னிதியில் காசு வெட்டிப் போட்டுவிட்டு வந்தாள்.

சிவகங்கைச் சீமையில் வேறு வழியே இல்லாதவர்கள் கடைசியாகப் போகும் இடம் அது. நாணயத்தை வெட்டிப் போட்டு, நடந்ததைச் சொல்லி, இனி நீயே கேள் என்று காளியிடம் விட்டுவிட்டு வருவார்கள். ராணி வேலு நாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் வெட்டிக் கொல்லப்பட்ட உடையாள் என்ற பெண்ணின் நினைவு அந்தக் கோயிலோடு கலந்திருக்கிறது என்பார்கள். “அநியாயம் பட்டவகிட்டத்தான் அநியாயத்தைச் சொல்லணும்” என்பாள் அப்பத்தா.

அவளுக்கு மாயாஜாலப் படங்களும் பிடிக்கும். விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ தெலுங்கில் 1978-ல் வந்த படம். தமிழ் பேசிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வருஷா வருஷம் வரும். அதில் பேய், அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டி எரியவிட்டுச் சமைக்கும். தமிழ்நாட்டில் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை இருந்திருக்காது. நானும் சிரித்தேன். அப்பத்தா சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வரப்பில் நின்று, “நாங்க அப்படித்தான்டா ஆக்கிப் போட்டோம்” என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் நடந்தாள்.

பிறகு நான் படிக்க மதுரைக்குப் போனேன். அங்கே எனக்குப் பத்திரிகைகள் கிடைத்தன, திரைப்படச் சங்கம் கிடைத்தது. ‘பதேர் பாஞ்சாலி’யையும் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தையும் அங்கேதான் பார்த்தேன். அந்த இரண்டு படங்களும் என்னை மாற்றின என்பதை நன்றியோடு சொல்கிறேன். விமர்சனம் படிக்கும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்ததை 1977-ல் பிறக்காத நாங்கள் கூட மனப்பாடமாகச் சொல்வோம். அப்படி ஒரு மரியாதை அந்த மதிப்பெண்ணுக்கு. எந்த ஷாட் ஏன் அங்கே வைக்கப்பட்டது, மௌனம் எப்படிப் பேசுகிறது என்பதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் விமர்சகர்கள்தான். அம்மன் படங்களைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் மட்டும் நாலு வரியில் முடிந்துவிடும். லாஜிக் இல்லை, நடிப்பு மிகை, பாம்புதான் நன்றாக நடித்திருக்கிறது. படித்துவிட்டு நானும் தலையாட்டினேன். எந்தப் படம் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் என் வாயில் ‘ஆடி வெள்ளி’ வராது.

ஆனால் படிக்கப் படிக்க வேறொன்றும் தெரிய வந்தது. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘பசி’ 1979-ல் வந்தது. குப்பை பொறுக்கும் பெண்ணின் கதை. துரை இயக்கியது. அதே 1979-ல் அதே துரை இயக்கிய இன்னொரு படம் ‘நீயா?’. காதலனைக் கொன்றவர்களைத் தேடித் தேடிப் பழிவாங்கும் நாகக்கன்னியாக ஸ்ரீபிரியா நடித்தது. முதல் படத்தைத் திரைப்படச் சங்கத்தில் வாய் மூடி உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாவதை நான் மணலில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்திருந்தேன். இரண்டையும் எடுத்தது ஒரே மனசு. இராம. நாராயணனும் 1981-ல் ஏவி.எம். நிறுவனத்துக்காக விஜயகாந்த், சந்திரசேகரை வைத்து ‘சிவப்பு மல்லி’ எடுத்தவர்தான். உழைக்கிறவன் பக்கம் நின்று பேசிய படம் அது. 1990-ல் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் நடித்துத் தேசிய விருது வாங்கிய பேபி ஷாமிலி, அதே ஆண்டு இராம. நாராயணனின் ‘துர்கா’வில் குரங்கோடும் நாயோடும் சேர்ந்து நடித்தாள். அஞ்சலி பாப்பாவுக்காக அழுத அப்பத்தா, துர்கா பாப்பாவைக் கொல்லப் பார்த்தவர்களை வாய்விட்டுத் திட்டினாள். அவளுக்கு அது ஒரே குழந்தைதான்.

உயர்ந்த படம் ஒரு பக்கம், மட்டமான படம் ஒரு பக்கம் என்று நான் நம்பியிருந்த சுவர், எங்கள் கொட்டகைச் சுவரைப் போல இடுப்பளவுதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. அது அறிவுக்கு எட்டிய பிறகும் வாய் திருந்தவில்லை.

2000-ம் ஆண்டு ‘பாளையத்து அம்மன்’ வந்தது. மீனா அம்மனாக நடித்த படம். ஊர்க் கொட்டகையை அதற்குள் பிரித்துவிட்டிருந்தார்கள். தூணும் கீற்றும் விறகாகப் போய், மணல்மேடு மட்டும் மிச்சம். விடுமுறைக்கு வந்திருந்த என்னை அப்பத்தா காரைக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். முதல் தடவையாக மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் பாவவில்லை. அந்தப் படத்தில் கோயில் உண்டியலில் ஒரு குழந்தை விழுந்துவிடும். உண்டியலில் விழுந்தது அம்மனுக்கே சொந்தம் என்று குழந்தையைப் பெற்றவர்களிடம் தரமாட்டார்கள். அந்த இடத்தில் அப்பத்தாவின் கை மணலைத் தேடுவதைப் பார்த்தேன். கிடைக்காமல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டது.

கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம் நான் பேச ஆரம்பித்தேன். இதெல்லாம் ஒரு படமா அப்பத்தா, லாஜிக்கே இல்லை, எல்லாம் கிராபிக்ஸ், இவ்வளவு காசு கொடுத்து இதைப் போய்ப் பார்க்கணுமா என்றேன். மதுரையில் கற்ற அத்தனை சொல்லையும் அவள்மேல் கொட்டினேன். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை.

“பொம்மைன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா அப்பு? அந்தக் கொட்டகையில பாம்பு ரப்பரா இருந்தப்பவே எனக்குத் தெரியும்” என்றாள். பஸ் காளையார்கோவில் சாலையில் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து, “ஒனக்கு இன்னும் யாரும் அநியாயம் பண்ணல. பண்ணியிருந்தா ஆத்தா வர்றது பொய்யாத் தெரியாது” என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. ஊர் வரும்வரை இருவரும் பேசவில்லை. அவள் 2007-ல் இறந்தாள். அந்த நிலம் அவள் கைக்குத் திரும்பி வரவே இல்லை. அன்று பஸ்ஸில் பேசியதற்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

விமர்சகர்கள் சொன்னது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் படங்களின் நாயகி அடிக்கிற புருஷனுக்கும் மாங்கல்யப் பிச்சை கேட்டு அழுவாள். அது எனக்கு அப்போதே கசந்தது, இப்போது இன்னும் கசக்கிறது. யானையையும் குரங்கையும் எப்படிப் பழக்கினார்கள், பாம்புகள் என்ன பாடுபட்டன என்று அன்று நாங்கள் யோசித்ததே இல்லை. 2001-ல் விலங்குகளைக் காட்சிக்குப் பயன்படுத்துவதற்கான மத்திய அரசு விதிகள் வந்து, படத்துக்கு விலங்குகள் நல வாரியத்தின் சான்று தேவை என்று ஆன பிறகு அந்தக் காலம் முடிந்தது. முடிந்தது நல்லதுதான். நேசிக்கிற படத்தின் குறையைச் சொல்லாமல் மறைப்பது நேசமாகாது.

ஆனால் லாஜிக் இல்லை என்ற சொல்லை மட்டும் இப்போது என்னால் ஏற்க முடிவதில்லை. விமர்சகர் படம் பார்ப்பது பிரிவியூ தியேட்டரில், வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாத மனிதராக. கதை கோவையாக இருக்கிறதா, நடிப்பு அளவோடு இருக்கிறதா என்று பார்க்கிறார். அது அவர் வேலை, அதைச் சரியாகவே செய்கிறார். எங்கள் கொட்டகையின் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு வழக்கு இருந்தது. பத்திரத்தில் ஏமாந்தவள், சீதனத்தை இழந்தவள், மகளைப் புகுந்த வீட்டில் பறிகொடுத்தவள். எந்தக் கோர்ட்டும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, தரை டிக்கெட் காசுக்கு, அந்த வழக்கு அவர்கள் கண்முன்னால் விசாரணைக்கு வந்து தீர்ப்பும் ஆனது. செய்தவன் விழுந்தான். பட்டவள் எழுந்தாள். இந்தக் கணக்கில் பிசகு எங்கே இருக்கிறது? பிசகு கொட்டகைக்கு வெளியில்தான் இருந்தது.

இது எனக்குப் படித்து வந்த புத்தியில்லை, பட்டுத்தான் வந்தது. 2014-ல் சென்னையில் நான் வேலை பார்த்த நிறுவனத்தை ஒரு நாள் பூட்டிவிட்டார்கள். எங்கள் இருபது பேருக்கும் ஆறு மாதச் சம்பளம் பாக்கி. முதலாளி எங்கே போனார் என்று தெரியவில்லை. புகார் எழுதிக் கொடுத்தோம். தேதி கொடுத்தார்கள், அந்தத் தேதியில் இன்னொரு தேதி கொடுத்தார்கள். கேட்க நாதியில்லை என்றால் என்ன என்று முப்பத்து மூன்று வயதில் முதல் முறையாக உடம்பில் தெரிந்தது. அந்த ஜூன் மாதத்தில்தான், 22-ம் தேதி, இராம. நாராயணன் சிங்கப்பூரில் காலமானார் என்ற செய்தி வந்தது. பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று இரவு அறையில் தனியாக உட்கார்ந்து லேப்டாப்பில் ‘ஆடி வெள்ளி’ போட்டேன். இப்போது எனக்கு எல்லாம் தெரிந்தது. பாம்பைத் தனியாகவும் மனிதரைத் தனியாகவும் எடுத்து ஒட்டியிருப்பது தெரிந்தது. எங்கே கேமராவை நிறுத்தி ஆளை மாற்றியிருப்பார்கள், எங்கே பிலிமைப் பின்னோக்கி ஓட்டியிருப்பார்கள் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. கதை எங்கே தள்ளாடுகிறது என்று தெரிந்தது. எல்லாம் தெரிந்து, கடைசிப் பத்து நிமிஷம் வந்தபோது என் வலது கை தானாக மூடிக்கொண்டது. பிடிக்க மணல் இல்லை. போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டேன். தீயவன் விழுந்ததும் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, என்ன ஆச்சு தம்பி என்று கேட்டார். நான் சத்தம் போட்டு அழுதிருக்கிறேன்.

அதன்பிறகு எந்த ஊரில் யார் கேட்டாலும் எனக்குப் பிடித்த படங்களில் ‘ஆடி வெள்ளி’யைச் சேர்த்தே சொல்கிறேன். ‘பதேர் பாஞ்சாலி’க்குப் பக்கத்திலேயே சொல்கிறேன். ‘பதேர் பாஞ்சாலி’யில் துர்காவின் சாவுக்கு அழுத கண்தான் இதற்கும் அழுதது.

போன ஆடியில் கொல்லங்குடிக்குப் போயிருந்தேன். நேர்த்திக்கடன் எதுவும் இல்லை, அப்பத்தா நின்ற இடத்தில் நிற்கத் தோன்றியது. வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது வயதுப் பெண் ஒருவர். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே மடித்து வைத்த பத்திரக் காகிதங்கள், முத்திரைத் தாளின் பச்சை வெளியே தெரிந்தது. சன்னிதிக்கு முன்னால் வந்ததும் அவர் கையிலிருந்த காசை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது, நகரச் சொல்லி யாரும் அவசரப்படுத்தவில்லை.

நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். எங்கள் கொட்டகையில் இந்த இடத்தில்தான் கடைசி ரீலுக்காக விளக்குப் போடுவார்கள். ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.